சைக்கிளோடு நின்ற படம்

அன்றைக்குப் பூங்காவில் நின்றவர்கள் அக்கா, அக்காவின் இரண்டரை வயது மகள், படம் பிடிக்கும் அண்ணை, நான். நிற்காதவர் அத்தான். அக்கா ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும்போது சுவிசுக்கு வெளிக்கிட்டுப் போனவர், மகளை ஒரு தடவையும் கண்டதில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய சைக்கிள் நின்றது.

சைக்கிளைக் கொண்டுபோகச் சொன்னதும் அத்தான்தான். நாங்கள் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, நல்லூர்ப் பக்கம் ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டிருந்தோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்தவன் நான் மட்டும். அதனால் அத்தானின் கடிதங்களை அக்காவுக்கு வாசிப்பதும், அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் என் வேலை. புருசன் பெண்சாதிக்கு எழுதியதைத் தம்பி வாசிப்பது இரண்டு பேருக்கும் கூச்சம். சில வரிகளை நான் கடகடவென்று ஓடிக் கடப்பேன். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கடிதத்தில் ஓடிக் கடக்க ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை எவ்வளவு உயரம் என்று தனக்குப் பிடிபடவில்லையாம். தன்னுடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்பாட்டி ஒரு படம் எடுத்து அனுப்பினால், தான் மட்டுக்கட்டிக்கொள்வாராம். சைக்கிளின் உயரம் அவருடைய இடுப்புக்குத் தெரியும். கடிதத்தோடு ஒரு பூப்போட்ட சட்டையும் வந்திருந்தது. வாசித்து முடித்ததும் இன்னொருக்கா வாசி என்றாள் அக்கா.

தொண்ணூற்றைந்தின் தொடக்கம் அது. சண்டை நின்றிருந்த மாதங்கள். சண்டை நின்றாலும் கரண்ட் வரவில்லை. ஸ்ரூடியோவுக்குள் இருட்டு. அதனால் அந்த அண்ணை சிறுவர் பூங்காவில் ஒரு வேப்பமரத்துக்கு முன்னால், காலை வெயிலில்தான் எல்லாரையும் எடுப்பார். கல்யாணச் சோடிக்கும் அடையாள அட்டைக்கு வந்த கிழவருக்கும் வெளிச்சம் ஒன்றுதான். பிலிம் தட்டுப்பாடு. கமராவுக்குள் இரண்டு படத்துக்குத்தான் இடமிருக்கிறது, அதில் ஒன்றுதான் எங்களுக்கு, கடைசியைப் பருத்தித்துறையிலிருந்து வரப்போகும் தன் தாய்க்கு வைத்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்களுக்கும் பொறுத்திருக்க நேரமில்லை. கொழும்புக்குப் போகும் ஒருவர் கடிதத்தைக் கொண்டுபோக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் வெளிக்கிட மூன்று நாள்தான் இருந்தது.

சுவிஸ் சட்டை பிள்ளைக்குப் பெரிது. அக்கா முதுகுப் பக்கம் நாலு ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். அண்ணை பார்த்துவிட்டு, "உதென்ன தங்கச்சி, சட்டைக்குள்ளை பிள்ளையைத் தேடவேணுமோ?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை மெலிவென்று அத்தான் நினைத்துவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

பிள்ளையைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்பாட்டினோம். தலை சைக்கிள் பாருக்கு மேலே சற்றுத் தெரிந்தது. ஆனால் குனிந்த தலை நிமிரவில்லை. புதுச் சட்டையின் பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். அண்ணை கமராவைக் கண்ணில் வைத்தபடி, மற்றக் கையை வானத்துக்குத் தூக்கினார்.

"குஞ்சு, அங்கை பார், மேலை பார்."

எந்த ஊர்ப் பிள்ளையும் அதற்கு அண்ணாந்து சிரிக்கும். எங்கள் பிள்ளை, ஒரு பெரிய ஆள் வானத்தைக் காட்டியதும், குண்டு போடும் பொம்மருக்கு நாங்கள் பழக்கியிருந்தபடி தொப்பென்று குப்புறப் படுத்து, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். கமரா கிளிக் என்றது. எங்களுக்கென்றிருந்த படம் போய்விட்டது.

அத்தானுக்கு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் "இங்கை ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எழுதிய கை என்னுடையது. இதை எப்படி அனுப்புவது? அக்கா நிலத்தில் குந்தி, "போட்டுது, குஞ்சு, எழும்பு" என்றாள். பொம்மர் போனபின் பங்கர் குழிக்குள்ளிருந்து வெளியே வரும்போது வழமையாகச் சொல்வது அது. பிள்ளை உடனே எழும்பிக் கையை நீட்டினாள். பங்கரால் ஏறினால் ஒரு துண்டு பனங்கட்டி கொடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அக்காவிடம் பனங்கட்டி இல்லை. பிள்ளையின் சொண்டு பிதுங்கத் தொடங்கியது.

அண்ணை கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "தம்பி, ஓடிப்போய்ப் பனங்கட்டி வாங்கியா" என்றார்.

கடைசிப் படம் உங்கடை அம்மாவுக்கல்லோ அண்ணை என்றேன்.

"அம்மா வந்து கொஞ்ச நாள் நிப்பா. பிள்ளை நாளைக்கு இந்த உயரத்திலை நிக்காது."

சைக்கிளை எடுக்க முடியாது, அது படத்தில் நிற்க வேண்டும். சந்திக் கடைக்கு ஓட்டமாகவே ஓடினேன். திரும்பி வந்து, அண்ணையின் தலைக்குப் பின்னால் நின்று, ஒரு துண்டை உயர்த்திப் பிடித்தேன். பிள்ளை கண்ணீரோடு சிரித்து, ஒரு கையால் சைக்கிள் பாரைப் பிடித்து, மற்றக் கையை எங்களை நோக்கி நீட்டினாள். அண்ணை அந்த நேரம் பார்த்து அமத்தினார்.

இரண்டாம் நாள் பின்னேரம் படம் கையில் கிடைத்தது. சட்டையில் மண், முழங்காலில் மண், கன்னத்தில் கரைந்த பொட்டு. என்றாலும் முகம் முழுதாக இருந்தது. முதல் படத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப் போனேன். "பிள்ளையை விழுத்தினது நான். அதுக்குக் காசில்லை" என்றுவிட்டார். தாயை எடுக்க அவருக்குப் பிறகு பிலிம் கிடைத்ததோ எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் நினைப்பேன். அவரை நினைக்காமல் அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை.

அத்தானின் பதில் வந்தபோது சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. மகள் தன் இடுப்புக்குக் கிட்ட வந்துவிட்டாள் என்று எழுதியிருந்தார். படத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறாராம். "பிள்ளை என்னட்டை வரத்தான் கையை நீட்டுறாள். இரவு வேலையாலை வந்தவுடனை அந்தக் கையைத்தான் பாக்கிறனான்." அந்த இடத்தை நான் ஓடிக் கடக்கவில்லை. அக்காவும் அடுப்பைப் பார்க்கவில்லை.

"பனங்கட்டியை எழுதிப்போடாதை, தம்பி," என்றாள்.

ஓம் என்றேன். கடிதத்தின் கடைசியில் படத்துக்கு எவ்வளவு முடிந்தது என்று கேட்டிருந்தார். அண்ணைக்கு எண்பது, சந்திக் கடைக்கு ஐந்து. நான் பிரித்து எழுதவில்லை. எண்பத்தைந்து ரூபாய் என்று எழுதினேன்.