நலம் விசாரிப்பு நீக்கப்பட்டது

எங்கள் கம்பெனியின் வீடியோ கூட்டங்களுக்கு இப்போதெல்லாம் முகமில்லாத ஒருவர் வருகிறார். திரையில் ஒரு கறுப்புக் கட்டம். அதன் கீழே ‘ஏஐ குறிப்பாளர்’ என்று பெயர். யார் என்ன பேசினாலும், தமிழோ இங்கிலீஷோ, கேட்டுச் சுருக்கி, கூட்டம் முடிந்த கையோடு எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடும். முதல் நாள் அதைப் பார்த்ததும் எங்கள் முதலாளி கும்பிட்டு, “வாங்க, வாங்க, சாப்டீங்களா?” என்றார். பதில் வராததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சந்தா கட்டி வரவழைத்த விருந்தாளி இப்படியா உம்மென்று இருக்கும்?

தெற்கே உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் தைத்து அனுப்பும் எங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குபவன். ஒரே மாநிலத்துக்குள் பஸ் ஏறிப் போனவனுக்கு என்ன புலம்பெயர்வு என்று ஊரிலிருந்து நீங்கள் கேட்பது கேட்கிறது. நம் பக்கம் முடியாததை முடியாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவோம். இங்கே முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னால் பாவம். நான் வந்த புதிதில், எங்கள் ஊர் சர்ச்சின் அறுவடைப் பண்டிகைக்கு லீவு கேட்டேன். “அதுக்கென்னுங்க, போய்ட்டு வாங்க” என்றார் முதலாளி. பிறகு வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, அந்தப் பக்கம் மழையா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எவ்வளவு தங்கமான மனிதர் என்று நெகிழ்ந்துபோய் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். யாருக்கும் என்மேல் கோபமில்லை. பேக்கிங்கில் நின்றுகொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். முதலாளி சாப்பாட்டையும் மழையையும் விசாரிக்க ஆரம்பித்தால் காரியம் ஆகாது என்று பொருள். மறுபடி நாற்காலிக்கு வருவதற்குள் இதை நன்றாகப் படித்துக்கொண்டேன்.

படித்ததுதான் எனக்குச் சோறு போட்டது. பையர்கள் எதையாவது கேட்பார்கள், முதலாளி மகிழ்ச்சியாகத் தலையாட்டி அவர்கள் குழந்தைகளை விசாரிப்பார், நான் பின்னாலேயே “மன்னிக்கவும், இயலாது” என்று மெயில் போடுவேன். இப்படியே நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் குறிப்பாளர் வந்து உட்கார்ந்தது.

டென்மார்க்கிலிருந்து பேசிய அம்மா, ஜனவரி ஷிப்மெண்டைக் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே அனுப்ப முடியுமா என்றார். “செஞ்சரலாமுங்க” என்ற முதலாளி, உடனே அங்கே குளிர் எப்படி, பையன் பள்ளிக்கூடம் போகிறானா என்று ஆரம்பித்தார். முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நான் மெயில் எழுத உட்காருவதற்குள் குறிப்பாளரின் மெயில் டென்மார்க் போய்ச் சேர்ந்திருந்தது: ‘தேதி ஒப்புக்கொள்ளப்பட்டது.’ அடியில் ஒரு வரி: ‘நலம் விசாரிப்பு போன்ற தொடர்பற்ற பேச்சு நீக்கப்பட்டது.’ அந்த அம்மா நன்றி சொல்லிக் கப்பலில் இடமும் பிடித்துவிட்டார்.

“ஏனுங்க தம்பி, நான் எப்பங்க ஒத்துக்கிட்டேன்? அந்தம்மா பையனைப் பத்தியெல்லாங் கேட்டனுங்களே!” என்றார் முதலாளி.

“அதை வெட்டிட்டுதுங்க. இப்பவே முடியாதுன்னு மெயில் போட்டுரட்டுங்களா?”

“தேங்க்ஸ் சொன்னவங்ககிட்ட எப்படீங்க இல்லீங்கறது?”

அப்படியானால் கிறிஸ்துமஸ் அன்றும் பேக்கிங் நடக்கும், நானும் அங்கே நிற்க வேண்டும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த என் மகள் ஊரில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் அவளுக்கு ஞானஸ்நானம் என்று அண்ணன் நிச்சயித்திருந்தான். நான் அவளைச் செல்போன் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். அண்ணனிடம் நிலவரத்தைச் சொன்னால், “லீவு கேட்டுப் பாரு. ஒண்ணு தருவான், இல்ல தரமாட்டான். இதுல என்னல இருக்கு?” என்றான். அவனும் அந்தக் குறிப்பாளரும் ஒரே பள்ளிக்கூடம்.

அடுத்த வீடியோ கூட்டத்தில், கறுப்புக் கட்டம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, லீவு கேட்டேன். “அதுக்கென்னுங்க தம்பி, போய்ட்டு வாங்க. பாப்பா நல்லாருக்குதுங்களா? அங்க மழைங்களா?” என்றார். அடி வயிற்றில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆனால் சற்று நேரத்தில் மெயில் வந்துவிட்டது: ‘சாமுக்கு விடுப்பு வழங்கப்பட்டது.’ சாம் நான்தான். முதலாளிக்கும் அதே மெயில். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதை மறுத்துச் சொல்ல அவருக்கு நா எழாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். நம் தெற்கத்தி ஆள் கேட்பதுபோல் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிறிஸ்துமஸ் காலையில் ஐயர் மகளின் நெற்றியில் தண்ணீர் வார்த்தார். குருவானவரை நம் பக்கம் ஐயர் என்போம் என்றால் முதலிபாளையத்தில் இன்னும் யாரும் நம்புவதில்லை. அவள் வீறிட்டு அழுதாள். என் தோளில் போட்டதும் நிறுத்திவிட்டாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

மதியப் பந்தியில் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டார். பின்னால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம்.

“நல்லபடியா முடிஞ்சுதுங்களா தம்பி? பாப்பா அழுதுதுங்களா? சாப்டீங்களா? அங்க மழைங்களா? நீங்க பொறுமையா வாங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க.”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதே இல்லை.

“யாருல?” என்றான் அண்ணன்.

“மொதலாளி. சாப்டியான்னு கேட்டாரு.”

“நல்ல மனுசன்லா!” என்று சொல்லி, என் இலையில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தான். மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே, இடது கையால் அன்றைக்கே திருப்பூருக்கு எந்த பஸ்ஸில் இடமிருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.