வெல்டா இழுக்காத கயிறு

கிளியர்வுட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கொக்குகள் என்று பெயர். கொக்குக் கூட்டத்துக்குப் பீரங்கி எதற்கு என்று கேட்டால் ஊரில் யாருக்கும் பதில் தெரியாது. கேட்பவனை முறைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மைதானத்தின் வடக்கு மூலையில் இரண்டு மரச் சக்கரங்களின் மேல் அது நிற்கிறது. நம்மவன் ஒருவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால், அதாவது டச்டவுன் போட்டுவிட்டால், ஒரே ஒரு வெடி. குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். ஆனாலும் ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற மாடுகள் தலைதூக்கிப் பார்க்கும்.

இருபத்திரண்டு வருஷமாக அதன் வெடிக்கயிற்றை இழுப்பவள் வெல்டா கோசெக். வயது அறுபத்தொன்று. மாவட்டச் சாலைத்துறையில் வேலை. குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவாள், கோடையில் பள்ளங்களுக்குத் தார் ஊற்றுவாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒரு நாள்கூடப் படித்தது கிடையாது. பீரங்கிக்குச் சம்பளமும் கிடையாது. சனிக்கிழமைகளில் போட்டுக்கொள்ள ஒரு சிவப்பு மேல்கோட்டு, கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை, இவைதான் அவளுக்குக் கிடைத்தவை. அந்தக் கோட்டில்தான் தன்னை அடக்கம் பண்ண வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.

அப்பா பால் லாரி ஓட்டியவர். ஆறு வயதில் அவரது தோள்மேல் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்தாள். அதற்குப் பிறகு ஊரில் நடந்த ஆட்டங்களில் அவள் தவறவிட்டது இரண்டே இரண்டு, இரண்டும் பிரசவம். முதல் புருஷன் எதிரி ஊரான பர்டாக்கைச் சேர்ந்தவன். ஒரு நவம்பர் சனிக்கிழமை கொக்குகள் தோற்றபோது இவள் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்து கைதட்டினான். திங்கட்கிழமை காலை அவள் வக்கீல் வீட்டு வாசலில் நின்றாள். வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் கேட்கிறவர்களுக்கு அவள் சொல்வது இதைத்தான். இரண்டாமவர் கோசெக் தங்கமான மனுஷன். மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஆட்டம் இல்லாத வாரமாகப் பார்த்துப் போனார் என்று இன்றைக்கும் நன்றியோடு சொல்வாள்.

பீரங்கிக்கு மருந்து திணிப்பவர் ரோலி பெக்ஸ். முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு ஓய்வாக இருப்பவர், பயந்த சுபாவம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு நீளத் துடைப்பத்தைத் தண்ணீரில் முக்கிக் குழாய்க்குள் விட்டுத் துடைப்பதும் அவர் வேலை. உள்ளே பொறி கிடந்தால் அடுத்த மருந்து கையிலேயே வெடித்துவிடும். மாநிலம் கொடுக்கிற வெடி உரிமம் ஊரில் இவர்கள் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது.

மருந்துப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் யாரோ எந்தக் காலத்திலோ வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்: "நம் டச்டவுனுக்கு மட்டும்." ஆளுநர் வந்தபோது சுடவில்லை. கட்டடம் கட்டப் பணம் கொடுத்த பெரிய மனிதர் தன் மகள் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் சுடவில்லை.

ஒரே ஒரு தடவை தப்பாகச் சுட்டிருக்கிறாள். பதினைந்து வருஷம் இருக்கும். பர்டாக்குடன் ஆட்டம். நம்மவன் கோட்டைத் தாண்டினான், இவள் இழுத்துவிட்டாள். புகை கலைந்து பார்த்தால் புல்லில் நடுவரின் மஞ்சள் கொடி கிடக்கிறது. யாரோ யாரையோ பிடித்து இழுத்த குற்றம், டச்டவுன் செல்லாது. அந்த ஆட்டமும் போயிற்று. பர்டாக்காரர்கள் ஒரு வருஷம் இவளைக் கண்ட இடத்திலெல்லாம் மஞ்சள் கைக்குட்டை ஆட்டினார்கள். அதிலிருந்து நான்கு மூலையும் பார்த்து, டச்டவுன் செல்லும் என்று நடுவரின் இரண்டு கையும் மேலே போனதையும் பார்த்த பிறகுதான் கயிற்றைத் தொடுவாள். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் சரி. "வெல்டா இன்னும் கொடி பாக்குறா" என்பது ஊரில் நிதானத்துக்கு இன்னொரு பேராகிவிட்டது.

அந்த நிதானத்தையும் சோதிக்க வந்து சேர்ந்தார் டாக்டர் ஆல்டன் ப்ரூவிட். பல்கலைக்கழகத்தின் புதுத் தலைவர். கூடவே விளையாட்டுத் துறைக்கு இயக்குநராகத் தன் சிநேகிதர் கென்ட் வார்லோவையும் அழைத்து வந்தார். மூன்று வருஷத்தில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். வார்லோ மட்டும் மாறவில்லை. ஆடுகிற பையன்கள் பயிற்சி செய்த பழைய திடலில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. கொக்குகள் மொத்தமாக ஜெயித்தது நான்கே ஆட்டம். வெல்டா தலைவருக்குப் பதினொரு கடிதம் எழுதினாள். பதினொன்றுக்கும் ஒரே பதில்: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பதினோராவது கடிதத்தில் அவள் எழுதியது ஆர்வமே இல்லை, சுத்தமான வசவு. அதற்கும் நன்றி வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தோற்பதைத் தாங்கிக்கொள்வாள், அதில் அவளுக்கு ஐம்பது வருஷப் பழக்கம். படிக்காமலே பதில் போடுகிறவனைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அக்டோபரில் பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் பெரிய ஆட்டம். அதற்கு மூன்று நாள் முன்பு வார்லோ சாலைத்துறைக் கொட்டகைக்கே வந்து நின்றார். வெல்டா பனி வண்டியின் அடியில் படுத்திருந்தாள். பளபளக்கிற அவர் காலணிகளைத்தான் முதலில் பார்த்தாள்.

"மிஸஸ் கோசெக், ஒரு சின்ன உதவி. சனிக்கிழமை இடைவேளையில தலைவர் ஒரு நல்ல செய்தி சொல்லப் போறாரு. சொல்லி முடிச்சதும் நீங்க ஒரு வெடி போடணும்."

"என்ன செய்தி?"

"என்னோட பதவிக்காலம் இன்னும் அஞ்சு வருஷம் நீடிக்குது."

வெல்டா வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். அவசரமே படவில்லை.

"பந்தத் தூக்கிட்டு நீங்க ஓடப் போறீங்களா?"

"புரியல."

"ஓடி, கோட்டத் தாண்டினா சுடுறேன். பொட்டில அப்படித்தான் எழுதியிருக்கு."

வார்லோ சிரித்துப் பார்த்தார். சிரிப்பு அங்கே எடுபடவில்லை. "பாருங்கம்மா, அந்தப் பீரங்கி பல்கலைக்கழகத்துச் சொத்து."

"யாரு இல்லேன்னா? பீரங்கி உங்களோடதுதான். கை என்னோடது."

"நீங்க மாட்டேன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் வரும். யோசிச்சுக்குங்க."

ஊர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள், கடைசியில் சொன்னதைச் செய்துவிடுவார்கள் என்பது அந்த மனுஷனின் எண்ணம். அதனால்தான் கவலையில்லாமல் காரில் ஏறிப் போனார். வெல்டாவுக்கோ இரண்டு ராத்திரி தூக்கமில்லை. வேறு எதை இழந்தாலும் பரவாயில்லை, அந்த மூலையை இழந்தால் சனிக்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழுகை வந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

சனிக்கிழமை வெயிலும் குளிருமாக நல்ல நாள். வண்டி நிறுத்தும் திடலெங்கும் பீன்ஸும் மாட்டிறைச்சியும் கொதிக்கிற மிளகாய்க் குழம்பு வாசனை. அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வெல்டா ஒரு சுருளைத் தாளில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"வெல்டா, என்ன பண்ணப் போற?" ரோலி கேட்டார்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

"யோவ், நீ மருந்தத் திணி. நம்ம பசங்க கோட்டத் தாண்டினாலும் தாண்டுவாங்க."

தாண்டவில்லை. இடைவேளையில் எதிரணி இருபத்தேழு, கொக்குகள் சைபர். வாத்தியக்குழு ஓரம் ஒதுங்க, தலைவர் ப்ரூவிட் நடுத்திடலில் ஒலிவாங்கியைப் பிடித்தார். பக்கத்தில் வார்லோ. கட்டமைப்பு என்றார், பயணம் என்றார், பொறுமை என்றார். "இன்னும் ஐந்து வருஷம்!" என்று சொல்லி வடக்கு மூலையைப் பார்த்துக் கையை வீசினார்.

பதினெட்டாயிரம் பேரும் காதைப் பொத்தினார்கள். அது பழக்கம்.

ஒன்றும் கேட்கவில்லை.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். "இன்னும் ஐந்து வருஷம்!" என்று மறுபடி சொன்னார், மறுபடி கையை வீசினார். வெல்டா கயிற்றைச் சக்கரத்தில் மாட்டினாள், மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்தாள், பையிலிருந்து ரொட்டிச் சுருளை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பெரிய திரையில் அவள் முகம் வந்தது. அவள் மென்றாள். மெல்லுவதை மைதானம் முழுதும் பார்த்தது.

மேற்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு வரிசை, பிறகு ஒரு பக்கம். சிரிப்பு கூச்சலாகி, கூச்சல் "வார்லோ, வெளிய போ!" என்று ஒரே தாளமானது. மூன்று வருஷமாக ஆளுக்கொரு சமையலறையில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. தலைவர் நன்றி சொல்லிவிட்டு வெளியேறினார். அவருக்குத் தெரிந்த வார்த்தை அதுதான்.

இரண்டு காவலாளிகளோடு வார்லோ வந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அட்டையக் கொடுங்க. கோட்டையும் கழட்டுங்க."

"அட்டையத் தர்றேன். கோட்டு ஒட்டுப்போட்டது, உங்களுக்குப் பத்தாது."

"மிஸ்டர் பெக்ஸ், இனிமே நீங்க சுடுங்க."

ரோலி வெல்டாவைப் பார்த்தார், பீரங்கியைப் பார்த்தார், தன் காலணியைப் பார்த்தார். வாழ்க்கையில் யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "எனக்குத் தோள்பட்ட வலிங்க. திடீர்னு வந்துருச்சு" என்றார்.

வெடிக்கும் விசைக்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டு வார்லோ போய்விட்டார். காவலாளிகளில் ஒருவன் வெல்டாவை மேற்குப் படிகள் வரை கூட்டி வந்தான். "மன்னிச்சுக்குங்கம்மா. எங்கப்பா உங்க ரசிகரு" என்று காதோடு சொன்னான். முப்பத்தொன்றாம் வரிசையில் ஒரு குடும்பம் நகர்ந்து இடம் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஆட்டத்தை மேலேயிருந்து பார்த்ததே இல்லை. பீரங்கி எவ்வளவு சின்னது என்று இப்போதுதான் தெரிந்தது.

கடைசிப் பகுதி. நாற்பத்துநான்குக்குச் சைபர். வேறு ஊராக இருந்தால் கூட்டம் பாதி கலைந்திருக்கும். அன்றைக்கு ஒருவர் நகரவில்லை. போனால் தலைவருக்கு நிம்மதியாகிவிடும் என்ற வீம்பு. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது, பெஞ்சிலேயே இருந்து பழகிய ஒரு குள்ளமான பையன் கையில் பந்து சிக்கியது. ஒருவனை ஏமாற்றினான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான். சட்டை கிழிந்தது, பையன் நிற்கவில்லை. ஓரக்கோட்டை ஒட்டியே ஓடி வடக்கு மூலையில், பூட்டுப் போட்ட பீரங்கிக்கு நேர் முன்னால், பந்தோடு விழுந்தான்.

கூட்டம் எழுந்து கத்தியது. காதைப் பொத்தியது. வெடி வரவில்லை. கத்தல் அப்படியே அந்தரத்தில் நின்றது. பையன் தரையில் கிடந்தபடியே பீரங்கியை நிமிர்ந்து பார்த்தான். தான் கோட்டைத் தாண்டவில்லையோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மேற்குப் பக்கம் முழுதும் திரும்பி முப்பத்தொன்றாம் வரிசையைப் பார்த்தது.

வெல்டா எழுந்து நின்றிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. முதல் மூலை. இரண்டாவது. மூன்றாவதில் ஏதோ மஞ்சளாகக் கிடந்தது. யாரோ ஒருவர் குனிந்து அதை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார், துண்டு. நான்காவது மூலை சுத்தம்.

"கொடி பாக்குறா, இருங்க, இருங்க!" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் எல்லாரையும் கையமர்த்தினார்.

நடுவரின் இரண்டு கையும் மேலே போயின.

வெல்டா வலது கையை உயர்த்தினாள், இருபத்திரண்டு வருஷமாகக் கயிற்றை இழுத்தது போலவே கீழே இழுத்தாள்.

"டமார்!"

அவள் ஒருத்தியின் குரல்தான் முதலில் வந்தது. அரை நொடியில் மேற்குப் பக்கம் முழுக்க "டமார்!" கிழக்குப் பக்கம் அதற்குப் பதில் போட்டது. வாத்தியக்குழுவில் பெரிய முரசுக்காரன் ஓங்கி ஒன்று வைத்தான். பையன் துள்ளி எழுந்தான். மேலே விருந்தினர் உட்காரும் கண்ணாடி அறைக்குள் தலைவர் ஜன்னலை விட்டு ஒரு அடி பின்னால் போனதைப் பலர் பார்த்தார்கள்.

கீழே மூலையில் ரோலி பெக்ஸ், தோள்பட்டை வலிக்காரர், நீளத் துடைப்பத்தைத் தண்ணீர் வாளியில் முக்கினார். சுடாத பீரங்கியின் குழாய்க்குள் அதை விட்டு, சுட்ட பிறகு துடைப்பது போல அக்கறையாக மூன்று தடவை துடைத்தார். தொப்பியைக் கழற்றி முப்பத்தொன்றாம் வரிசையைப் பார்த்து ஆட்டினார்.

டச்டவுனுக்குப் பிறகு ஒரு கூடுதல் புள்ளிக்காக உதைத்த பந்து வெளியே போயிற்று. அதற்கு டமார் கிடையாது. பக்கத்தில் இருந்த குடும்பம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தது. கன்னமெல்லாம் நனைந்திருந்த வெல்டா அவர்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

"எங்க கெளம்புறீங்க? உக்காருங்க. இன்னும் நாப்பது செகண்டு இருக்கு."