என் வண்டியின் இழுப்பைக் கண்டுபிடித்த சுகுணா சிஸ்டர்

சுகுணா சிஸ்டர் இறந்துவிட்டார்.

இன்று மதியம், காவேரிப்பட்டினத்தில், அவர் வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்... என்னைவிட இரண்டு வயது சின்னவர். சாகிற வயசா இது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஓசூர் பக்கத்து மத்திகிரியிலிருந்து கம்பெனி ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். சிஸ்டர் அந்தக் கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் நர்ஸ், என் தெருவிலேயே மாடி போர்ஷனில் குடியிருந்தார். இரண்டு வருடம் முன்புதான் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போனார்.

அழுதுகொண்டேதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த மார்கழிக் கதையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறுகிறது. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது!

என்னுடையது பழைய டீசல் வேன். ஓசூர் குளிர் உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் தினமும் விடிகாலையில் மக்கர். கர்ர்... கர்ர்... கர்ர்... தெரு முழுக்க வெள்ளைப் புகை, வண்டி மட்டும் கிளம்பாது.

பேட்டரி மாற்றினேன், ஹீட்டர் பிளக் மாற்றினேன், இன்ஜின் மேல் சுடுதண்ணீரில் நனைத்த துணி போட்டேன். சாமிக்குத் தேங்காய்கூட உடைத்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

டீசல் ஃபில்டர் மேல் இருக்கும் ஹேண்ட் பம்பைக் கை வலிக்க அடித்து டீசலை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதற்குள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் லேட்.

கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இன்னொரு நாள் லேட்டு ஆச்சுன்னா வேற வண்டி போட்டுக்கறோம் முனிராஜு." எனக்கு இருந்தது அந்த ஒரு வண்டி. அந்த ட்ரிப்தான் பிழைப்பு.

சிஸ்டருக்கு என் வண்டிச் சத்தம்தான் அலாரம். ஒருநாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏண்ணா, தெனம் காலைல இந்த இழுப்பு இழுக்குது? பம்ப்பு அடிச்சா ஸ்டார்ட் ஆவுதில்ல... அப்ப நேத்து நைட்டு வரைக்கும் உள்ள இருந்த டீசல் எங்க போச்சு?"

வண்டி ஓட்டுகிற என்னிடமே கேள்வியா என்று கோபம் வந்தது. நான் அப்படித்தான். சிஸ்டரே தொடர்ந்தார்.

"ட்ரிப்ஸ்ல காத்து பூந்துட்டா நாங்க பாட்டில மாத்த மாட்டோம்ணா. ட்யூப்புல எங்க காத்து ஏறுதுன்னு பாப்போம். உங்க வண்டில ட்யூப்பு கறுப்பு, உள்ள ஒண்ணும் தெரியல. அதான் வம்பு."

ஞாயிற்றுக்கிழமை மதியம், உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ட்யூபை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். என்ன ட்யூப் தெரியுமா? யூரின் பேக் ட்யூப்!

"அய்யே..." என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"பிரிக்காத பாக்கெட்டுண்ணா. எங்கப்பாவுக்கு வாங்கனது. சும்மா புடிங்க."

ஃபில்டருக்கு முன்னால் டீசல் ஹோஸைக் கழற்றி, இடையில் அதை மாட்டினோம். ஸ்டார்ட் செய்தால் டீசல் தெளிவாக ஓடுகிறது. ஒரு குமிழிகூட இல்லை.

எதிர் டீக்கடையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. "சிஸ்டர், நீங்க போயி ஊசி போடற வேலையப் பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. "காய்ச்சல் வுட்டப்பறம் தெர்மாமீட்டர் வெச்சா என்னா தெரியும்? நாளைக்குக் காலைல வரேன்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார்! ஐந்து மணிக்கு, பனியில், தலையில் மங்கி கேப், கையில் டார்ச். எட்டரை மணி டியூட்டிக்காரருக்கு என்ன தலையெழுத்து?

"சாவியத் திருப்புங்கண்ணா."

திருப்பினேன். அவ்வளவுதான், ஒரே கத்தல். "அண்ணா, காத்து! காத்துண்ணா! சோடா மாதிரி வருது!" தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார். நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன்... ட்யூப் முழுக்கக் குமிழி, குமிழி, குமிழி!

அதோடு விடவில்லை. அதே ட்யூபை டேங்க் பக்கத்தில் மாட்டச் சொன்னார். அங்கே குமிழியே இல்லை. அப்படியென்றால் காற்று நுழைவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸில்!

கிளாம்ப் அடியில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு திறந்துகொள்ளும், டீசல் இரவோடு இரவாக டேங்குக்கே திரும்பிவிடும். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். பகலில் பார்த்த எந்த மெக்கானிக் கண்ணில் படும், சொல்லுங்கள்?

அன்றைக்குப் பம்ப் அடித்தே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மதியம் புது ஹோஸ் போட்டேன்.

மறுநாள் விடிகாலை, முந்தின நாளைவிடக் குளிர். சாவியைத் திருப்பினேன்... டர்ர்ர்ர்! ஒரே திருப்பு! சந்தோஷத்தில் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

மாடிக் கதவு திறந்தது. "அண்ணோவ்! ஜனங்க தூங்கறாங்க!" திட்டும்போதே அவருக்கும் சிரிப்பு.

அந்த ட்ரிப் இன்று வரை என் கையில்தான் இருக்கிறது.

அப்புறம் டெம்போக்காரர், டிராக்டர்காரர் எல்லாம் கம்பெனி கேட்டில் வந்து சிஸ்டரைத் தேட ஆரம்பித்தார்கள். "ஏனு மேடம், கேரேஜ் ஓப்பன் மாடிதிரா?" என்று செக்யூரிட்டி கன்னடத்தில் கிண்டல் செய்வார், கேரேஜே திறந்துவிட்டீர்களா என்று. சிஸ்டரும் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுப்பார்.

சிஸ்டர், அந்த டீக்கடைப் பேச்சுக்கு நான் ஒருநாளும் ஸாரி சொல்லவில்லை. வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் தினமும் காலையில் உங்கள் மாடிக்குக் கீழே ஒரு சின்ன ஹாரன் அடித்தேன். நீங்களும் தினமும் திட்டினீர்கள்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்களாம். கம்பெனிக்கும் லீவு. ஐந்தரை மணிக்கு மத்திகிரியிலிருந்து என் வேன் கிளம்புகிறது, வருகிறவர்கள் வந்துவிடுங்கள். குளிர்தான்... ஆனால் லேட் ஆகாது.

காவேரிப்பட்டினம் வந்து உங்கள் வாசலில் ஒரே ஒரு ஹாரன் அடிப்பேன்.

திட்டுங்க, சிஸ்டர்.