நடுப் பாத்தியில் தங்கச்சி குரல்

...எங்ககூடக் கோயில்ல பாடுனவ, அது தாம் பாடுன பாட்டுன்னா சொல்லிக்கிட்டுத் திரியிறா? நல்லாருக்கே கதை! மதினி, அந்தக் கேசட்டுல பாடுறது எந்தங்கச்சி. ஒத்தக் குரலு.

வில்பட்டியில இருந்து நாங்க நாலு பொம்பளைங்க கோயில்ல பாடப் போவோம்ல? பாட்டு சாருகிட்ட பாட்டுப் பதியிற மிசினு ஒண்ணு இருந்துச்சு, அண்டா மூடி கணக்கா ரெண்டு சக்கரம். ஆளுக்கொரு மைக்க வச்சுப் புடிச்சாரு. ஒரே நாடாவுலயே நாலு பாத்தி, ஆளுக்கொரு பாத்தின்னாரு. நம்ம கேரட்டுத் தோட்டமேதான்!

"நாலையும் கலந்து கேசட்டுல போட்டுத் தாரேம்மா. நாடாவ அழிச்சுட்டு அடுத்த பாட்டுப் புடிக்கணும்"னாரு.

தங்கச்சி, புருசனோட வடக்க போகப்போறா. எப்ப வருவாளோ!

"கலந்தப்பறம் அவ குரல மட்டும் பிரிக்கலாமா சார்?"

"கொழம்புல கரைச்ச புளியத் திரும்ப எடுப்பீங்களா?"

கேசட்டு போதுமா, நாடாவே வேணுமான்னு ஞாயித்துக்கெழமக்குள்ள சொல்லணும். இருப்பே கொள்ளல மதினி. அடுப்படிக்கும் வாசலுக்கும் அலையிறேன், சோறு கொழஞ்சு போச்சு. அன்னைக்கு அரிசியும் புது அரிசி, அத விடுங்க. எங்க வீட்டுக்காரரு, "போட்டுக் கேக்க மிசினு இல்ல. நாடாவ வச்சுத் துணி காயப்போடப் போறியா?"ன்னு சிரிக்கிறாரு.

நாடாவே வேணும்னு வாங்கியாந்துட்டேன். ஈரம் படாம வைங்கன்னாரு சாரு. நம்ம மலையில பனிமூட்டம் நொழையாத எடம் ஏது? வெதைக்கு வைக்கிற வெள்ளப்பூடு காயிற எடந்தான்! அடுப்புக்கு மேல பரணுல, பூடோட பூடா வச்சேன்.

மறு வருசம் கொண்டுபோனா, சாரு மோந்து பாத்துட்டுத் தலையில கைய வச்சாரு. "நாடாவப் பொகையிலயா வச்சீங்க? ஓரமெல்லாம் சுருண்டு கெடக்கே!"

மொதப் பாத்தி நானு. வெறும் ஸ்ஸ்ஸுனு எரைச்சலு. கடைசிப் பாத்தியும் அப்பிடியே. மூணாவது கரகரன்னுச்சு. ரெண்டாவதத் திருப்புனாரு பாருங்க, எந்தங்கச்சி! பக்கத்துல நின்னு பாடுற மாதிரி!

"ஓரந்தாம்மா போச்சு, நடு தப்பிச்சுருச்சு"ன்னாரு. எங்குரலு போனா என்ன, நாந்தான் இங்கனயே கெடக்கேனே! அவ குரல மட்டும் கேசட்டுல எடுத்துக் குடுத்தாரு. சாரு ரூமு பூராம் பூடு வாசம், நான் சிரிச்ச சிரிப்பு...

ஏ ஆத்தி, கருகுற வாட வருதா? பரணுல பூடு கெடக்கு மதினி, கீழ தணலு கூடிப்போச்சு. அடுப்புல இருந்து வெறக வெரசா வெளிய இழுத்துப் போட்டுட்டு வாரேன்.