டோப்பா கடைக்காரர் எழுதிய கமெண்ட்

அந்தத் தெருவில் அவருக்கு முடிமன்னன் என்று பெயர். டோப்பா கடை வைத்திருக்கிறாரே, அதனால். அவர் தலையில் இருப்பது மட்டும் சொந்த முடி. அதுவும் காடு மாதிரி. சீப்பு உள்ளே போனால் நாலு பேரிடம் வழி கேட்டுத்தான் வெளியே வரும். அந்தக் காட்டுக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்பதில்தான் தெருவுக்கே சந்தேகம்.

கடையின் முன்பக்கக் கண்ணாடிக்குள் நாலைந்து பிளாஸ்டிக் தலைகள், பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பதுபோல் ரோட்டையே முறைத்துக்கொண்டிருக்கும். அந்த வாசல் வழியாக எவனும் வந்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம் பக்கத்துச் சந்தில் இருக்கும் குட்டிக் கதவைத் தட்டுவார்கள். தொப்பி, கைக்குட்டை, குனிந்த தலை. பார்த்தால் கொள்ளையடிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, மன்னனின் மனைவி. வலையில் ஒவ்வொரு முடியாக ஊசியால் இழுத்து முடிச்சுப் போடுகிறவள் அவள்தான். மாதத்துக்கு ஒரு தடவை டோப்பாவைக் கழட்டி, அலசி, பசையை மாற்றி, திரும்ப ஒட்டிவிடுகிறவளும் அவள்தான். அந்த அறையில் யாரும் யார் பெயரையும் சொல்வதில்லை. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். அந்தத் தொழிலில் விற்பது பாதி முடி, பாதி வாயை மூடிக்கொண்டு இருப்பது. நாற்பது வாடிக்கைத் தலைகள். அந்த நாற்பதும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மன்னனின் வேலை காலையில் ஷட்டரைத் தூக்குவது, ராத்திரி இறக்குவது, நடுவில் கொட்டாவி விடுவது. அதோடு இருந்திருந்தால் நாடு பிழைத்திருக்கும். ஒரு நாள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர், கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் போனிலேயே வாடிக்கையாளரோடு பழக வேண்டும், அவர்கள் படம் போட்டால் போய் நாலு வார்த்தை எழுத வேண்டும், பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும், நல்லது கெட்டதில் கலந்துகொள்ள வேண்டும் என்று பொழிந்து தள்ளியிருக்கிறார். ரொட்டிக் கடைக்காரருக்கு அருமையான பேச்சு. ரொட்டி தின்பதை யாரும் மாமியார் வீட்டில் மறைப்பதில்லை. ஆனால் மன்னன் அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு, ஞானம் வழியும் முகத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

உடனே போனில் கடை பெயரில் ஒரு பக்கம் ஆரம்பமானது. தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ, கீழே வணக்கம். லைக் போட்டது மொத்தம் மூன்று பேர்: அவர், மனைவி பெயரில் அவளுக்கே தெரியாமல் அவர் திறந்த கணக்கு, அப்புறம் மச்சான். மச்சானும் தெரியாமல் கை பட்டுவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு மனைவியின் போனில் இருந்த நாற்பது எண்களையும் தன் போனுக்கு மாற்றி, எல்லோருக்கும் நட்பு அழைப்பு அனுப்பினார். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள், பாவம். இத்தனை வருஷம் வாய் திறக்காத கடை என்று நம்பிக்கை.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் அவர்களில் ஒருவர். பதினோரு வருஷ வாடிக்கை. அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆபீஸில் மாலை போட்டு, படம் எடுத்து, ஊரே பார்க்கப் போட்டார்கள். ஆபீஸ் ஆட்கள், சொந்தக்காரர்கள், பொண்ணைக் கொடுக்கப்போகிற வீட்டார் எல்லோரும் கீழே வாழ்த்து எழுதியிருந்தார்கள். அந்த வாழ்த்துகளுக்கு நடுவே மன்னன் தன் திருக்கையால் எழுதினார்: "அண்ணா வாழ்த்துகள். கம்பீரமாக இருக்கிறீர்கள். நம்ம கடை பீஸ் என்று சொன்னால்தான் தெரியும். வலது காதுப் பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிறது, பசை பழசாகிவிட்டது. புதன்கிழமை வாருங்கள், மாற்றித் தருகிறோம்." ஓரத்தில் ஒரு இதயம். அதற்கும் கீழே கடை விலாசம்.

எழுதிவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி மனைவியிடம் போனை நீட்டினார். அவள் கையில் ஊசி நின்றுவிட்டது.

"மொதல்ல எடுங்க அதை."

"எதுக்கு எடுக்கணும்? எழுபது பேர் சிரிச்சிருக்காங்க, பாரு."

"யாரைப் பாத்துச் சிரிச்சாங்க?"

"யாரைப் பாத்தா என்னம்மா, சிரிச்சாங்கல்ல. நாலு பேருக்கு நம்ம கடை தெரியுதுல்ல."

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். எதை அழுத்தினால் அழியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும், ஆனால் மாட்டேன் என்றார்.

மறுநாள் காலை மேனேஜர் வந்தார். முன்வாசல் வழியாக வந்தார். தலை, துடைத்து வைத்த குண்டா மாதிரி பளபளத்தது. டோப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். மன்னன் பக்கம் திரும்பவே இல்லை. திரைக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"தங்கச்சி, உன்மேல எனக்கு வருத்தமே இல்ல. பதினோரு வருஷம் வீட்டுக்காரியைத் தவிர ஒரு ஆளுக்குத் தெரியாது. நேத்து மாப்பிள்ளைப் பையன் வந்தான். மாமா, காதுப் பக்கம் தூக்கியிருக்குன்னு சொல்லி, கையை வச்சு அமுக்கிப் பாத்தான். இனிமே எனக்கு இது வேணாம்மா."

அவள் தலை குனிந்து நின்றாள். மன்னனுக்கு மட்டும் வேறொன்று தோன்றியது.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. ஒரு ஃபோட்டோ. முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு போட்டா ஜோரா இருக்கும்."

செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேனேஜர் இறங்கிப் போனார்.

போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று அவள் சொன்னாள். மேனேஜர் வீட்டுக்குப் போய்க் கேட்கச் சொன்னாள். மன்னன் எதற்கு நடக்கப் போகிறார்? சாய்ந்து உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கும்படி தன் பக்கத்திலேயே மன்னிப்பு எழுதினார். கவனக்குறைவாக ஒரு கமெண்ட் போட்டதற்கு வருந்துவதாகவும், டோப்பா வாடிக்கையாளர்களின் ரகசியம் உயிர் உள்ளவரை தன்னிடம் பத்திரமாக இருக்கும் என்றும் உருகியிருந்தார். மன்னிப்பு எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டாமா? நாற்பது பெயரையும் கீழே வரிசையாகப் போட்டார். யார் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பது உட்பட.

உலகத்தில் மூளை பங்கிட்டபோது இந்த மனுஷன் முடி வரிசையில் இரண்டாவது தடவை போய் நின்றிருக்கிறான் என்று மச்சான் சொன்னான். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து தன் லைக்கையும் எடுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் சந்துக் கதவை யாரும் தட்டவில்லை. திரை ஆடாமல் தொங்கியது. ஆனால் போனில் கடைப் பக்கத்தில் கூட்டம் என்றால் கூட்டம், பதினோராயிரம் பேர். அத்தனை பேரும் தலை நிறைய முடி உள்ளவர்கள், சிரிப்பதற்கென்றே வந்தவர்கள். மன்னனுக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணிக்கை ஏற ஏற, நாற்காலியில் அவரும் ஏறி ஏறி உட்கார்ந்தார். ஒருவன் கூட டோப்பா வாங்கவில்லையே என்று அவள் கேட்டதற்கு, முதலில் பழகட்டும், வியாபாரம் பின்னால் வரும் என்று பதில் சொன்னார்.

அவள் ஊசி, வலை, பசை, அலசுகிற தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாகப் போனாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் திறந்து, நல்லா இரும்மா என்று சொல்லி மூடினார்கள். மேனேஜர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சொட்டைத் தலையோடவே பழகிடுச்சும்மா என்றார். மிச்சப் பேருக்கு வேறு போக்கு இல்லை. ஊர் சிரித்தால் தாங்கலாம். பசை காய்ந்தால் காற்று விடாதே. ஒவ்வொருவராக அவளை வீட்டுக்கே வரச் சொன்னார்கள். எல்லோரும் போட்டது ஒரே நிபந்தனைதான்: உன் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது.

இப்போதும் மன்னன் காலையில் ஷட்டரைத் தூக்குகிறார், ரோஜாப்பூ போடுகிறார், பதினோராயிரம் பேருக்கும் வணக்கம் சொல்கிறார். பையோடு கிளம்புகிறவளிடம் யார் வீட்டுக்கு, என்ன விசேஷம், ஒரு வாழ்த்தாவது எழுதுகிறேனே என்று கெஞ்சிப் பார்க்கிறார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாள். சாயங்காலம் அவள் வந்து சமைத்துப் போடுவதைத் தின்கிறார். சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால்கூட, அது எந்த கஸ்டமருடையது என்று அவள் வாயைத் திறப்பதில்லை.