ஸ்பிரிங்கை அமுக்க ஒரு சாமான்

எங்கள் காருக்கு ஹாரன் தேவைப்பட்டதே இல்லை. முன்பக்கத்திலிருந்து வரும் 'டொக், டொக்' சத்தத்துக்கே ஆடு மாடெல்லாம் தானாக ஒதுங்கிவிடும். சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன தைரியத்தில் அப்பா பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகள் தோண்டிவைத்த பள்ளம் ஒவ்வொன்றிலும் அது வாய்விட்டு அழும்.

அக்காவின் வளைகாப்பு நெருங்கியபோதுதான் அந்த அழுகை குடும்பப் பிரச்சினை ஆனது. அக்காவை ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடு வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். நாள் பேசப் போன அன்று அக்காவின் மாமியார் வாசலிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"நீங்க ஜெயங்கொண்டத்துல வரும்போதே எங்களுக்குக் கேட்டுடுச்சு சம்மந்தி. இந்த வண்டில புள்ளத்தாச்சிய ஏத்தி அனுப்புனா, கொழந்த வயித்துக்குள்ளயே தவில் கத்துக்கிட்டுதான் பொறக்கும். சத்தம் நின்னா வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா பிரசவம் இங்கயே ஆவட்டும்."

வாடகைக்கு ஒரு கார் பேசிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா என்னை ஜென்ம விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வாசல்ல சொந்த வண்டிய நிறுத்தி வச்சிக்கிட்டு எம்மவள வாடக வண்டில கூட்டியாரதா? அந்தம்மா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும்டா."

எங்கள் வழக்கமான மெக்கானிக், மச்சான் பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போயிருந்தார். டவுனில் இன்னொருவர் "விட்டுட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார். என்றைக்குப் பார்ப்பார் என்று சொல்லவில்லை. அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதிலும் மெக்கானிக்கல் என்ஜினீயரிங். ஆபீசில் நான் தொடுகிற ஒரே இயந்திரம் கம்ப்யூட்டர்தான் என்று எத்தனை விளக்கினாலும், மிக்ஸி ஓடாவிட்டாலும் மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டாலும் என்னைத்தான் எழுப்புவார்கள்.

"இஞ்சினீரு வூட்டுலயே இருக்கும்போது எதுக்கு வெளிய அலையணும்?" என்றார் அப்பா. நானும் பெருமையில் தலையாட்டிவிட்டேன்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நோய் இன்னதென்று தெரிந்தது. முன்சக்கரத்துக்கு மேல் நிற்கும் ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு ரப்பர் மவுண்ட் இருக்கிறது, அது செத்துவிட்டது. மாற்றுவது பெரிய காரியமில்லை. ஆனால் ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு தடித்த ஸ்பிரிங், அமுங்கிய நிலையில், உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கைத் தனியாக இறுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மேலே இருப்பதெல்லாம் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். பெரும்பாலும் கழற்றியவன் முகத்தை நோக்கி. அப்படி இறுக்கிப் பிடிப்பதற்கென்றே ஒரு சாமான் உண்டு. ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்பார்கள். அதில் நல்லதாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் என் முதல் வேலை என்று வீட்டில் அறிவித்தேன்.

"ஒரு ஸ்பிரிங்க அமுக்கறதுக்கு சாமானா?" என்றார் சித்தப்பா. அவர் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. "இந்த வூட்டுல ஆம்பளைங்க இல்லையா?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் கழற்றி வைத்திருந்த ஷாக் அப்சார்பரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கிடந்த உரல் குழியில் நட்டார். அது சிவலிங்கம் மாதிரி நிமிர்ந்து நின்றது. மேலே ஒரு பலகையை வைத்து, வேப்பங்கிளையைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். ஸ்பிரிங் அசையவில்லை.

"அண்ணே, நீயும் ஏறு."

அப்பாவும் ஏறினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, சர்க்கஸில் பந்தின்மேல் நிற்கும் ஆடுகள்போல் ஆடினார்கள். ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கியது.

"அமுங்குது பாரு, அமுங்குது பாரு! டேய், சட்டுனு நட்டக் கழட்டுடா!" என்று கத்தினார் சித்தப்பா.

"எப்படி சித்தப்பா கழட்டறது? நட்டு உங்க காலுக்குக் கீழ இருக்கு."

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"கழட்டுனாலும் நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க தெரியுமா?"

"எங்க?"

நான் வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தேன். அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா முதலில் இறங்கினார். சாமான் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது.

டவுனில் ஒரு கடையில் இரண்டு வகை காட்டினார்கள். இரண்டுமே நீளமான திருகு கம்பிகள். கம்பிக்கு மேலொரு கொக்கி, கீழொரு கொக்கி. கொக்கிகள் மெலிசாக, கொடியில் துணி காயப்போடும் தரத்தில் இருந்தன. ஸ்பிரிங் நழுவாமல் இருக்கக் கொக்கியின் வாயை அடைக்கும் பூட்டுக்கம்பி இரண்டிலும் இல்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்றும் எங்கேயும் பொறிக்கவில்லை.

"நழுவாதுங்களா?" என்று கேட்டேன்.

"ஏகப்பட்டது வித்திருக்கேன் தம்பி. வாங்குனவங்க ஒருத்தர்கூட திரும்ப வந்து கொற சொன்னதில்ல."

வர முடியாத நிலைமையில் இருந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. பட்டறையில் சொல்லிக் கட்டடக் கம்பியை வளைத்து ஒன்று செய்துவரலாம் என்றார். டிராக்டர் சங்கிலியால் கட்டலாம் என்றார். கடைசியில், எங்கள் வெங்காயத்தை எடுக்கும் லப்பைக்குடிக்காட்டு வியாபாரி விஷயத்தைக் கேட்டு, அப்பாவுக்கு போன் செய்தார். அவர் வீட்டில் அந்த மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறதாம்.

போய்ப் பார்த்தால், கூடத்துக் கண்ணாடி அலமாரியில், அத்தர் புட்டிகளுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவில், வெல்வெட் துணியின்மேல் படுத்திருந்தது.

"எம்மவன் குவைத்துலேர்ந்து கொண்டாந்தான். என்னதுடான்னா, 'வாப்பா, தள்ளுபடில கெடச்சுது'ங்கறான். எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. இவ ஒரு பக்ரீதுக்கு இதுல கறியத் தொங்கவுடலாமான்னு பாத்தா."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நான் எங்க தொங்கவுட்டேன்? கேட்டேன், அவ்வளவுதான்."

பெண் பார்க்கப் போனவன்போல் அடக்கமாக உட்கார்ந்து, ஆனால் ஒன்றுவிடாமல் பார்த்தேன். கனமான கம்பிகள். திருகில் ஒரு சொட்டை இல்லை. ஸ்பிரிங்கின் வளைவுக்குப் பொருந்தும் அகலமான கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கும் குறுக்கே செருகுகிற பூட்டுக்கம்பி. தாங்கும் பாரம் இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. மாஷா அல்லாஹ், அதுக்கும் ஒரு வேல வந்துச்சே" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு விஷயத்தை மறந்தேன். எங்கள் வீட்டுக்குள் எந்தச் சாமான் புதிதாக நுழைந்தாலும், டார்ச் லைட்டாக இருந்தாலும், அம்மா பொட்டு வைக்காமல் விடமாட்டாள். மறுநாள் காலை நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அது சாமி படத்துக்கு முன்னால் சந்தனத்திலும் குங்குமத்திலும் குளித்து முடித்திருந்தது.

நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் நேராக யாரும் நிற்கக் கூடாது என்றேன். சித்தப்பாவும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தார். அப்பா மட்டும் நேர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து தலையை நீட்டினார்.

"அப்பா, அங்க உக்காராதீங்க."

"எனக்குத் தெரிய வேணாமாடா?"

"தெரியும்போது தல இருக்காதுப்பா."

முனகிக்கொண்டே டிரம்முக்குப் பின்னால் போனார். கம்பிகளை ஸ்பிரிங்குக்கு எதிரெதிராக மாட்டினேன். பூட்டுக்கம்பிகளைச் செருகினேன். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஸ்பானரால் மாற்றி மாற்றித் திருகினேன். ஸ்பிரிங் முறுகி முனகியது. திடீரென்று 'சர்ர்ர்' என்று ஒரு வழுக்கல். ஒரு கொக்கி ஸ்பிரிங்கின் மேலேயே ஓர் ஓரமாக ஊர்ந்து போய்க் கோணலாக நின்றது. தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து "முருகா" என்ற சத்தம் இரண்டு குரலில் வந்தது.

பூட்டுக்கம்பி மட்டும்தான் அந்தக் கொக்கியை ஸ்பிரிங்கோடு பிடித்துக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, திருகிய வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, முழுதும் இறக்கிய பிறகு கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். விரல் வழுக்கியது. மூக்கில் நல்லெண்ணெய் வாசம்.

"அம்மா! இதுல எண்ண தடவுனியா?"

"சந்தனம் ஒட்ட மாட்டேங்குது. அதான் கொஞ்சம் எண்ணயத் தொட்டு வச்சேன். இரும்புக்கு நல்லதுதானடா?"

"திருகுல வச்சா நல்லது. ஸ்பிரிங்கப் புடிக்கற வாயில வச்சா எமன்."

பாத்திரம் விளக்குகிற சோப்பைக் கொண்டுவந்து கொக்கிகளைத் தேய்க்க ஆரம்பித்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி சந்தனத்த சோப்பு போட்டுக் கழுவறான் பாரு, படிச்ச புள்ள! நல்ல காரியத்துக்குப் போற வண்டிடா அது!"

"அண்ணி, சந்தனம் எங்கயாச்சும் இருந்தாப் போதும்ல?" என்று டிரம்முக்குப் பின்னாலிருந்து சமாதானம் பேசினார் சித்தப்பா. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. கம்ப்ரஸருக்குக் கிடைக்க வேண்டிய சந்தனம் குங்குமம் அத்தனையும் என் நெற்றிக்கு வந்தது. மிச்சத்தை ஹெல்மெட்டில் அப்பினாள்.

உலர்ந்த கொக்கிகள் உடும்பாகப் பிடித்தன. ஸ்பிரிங் பூனைக்குட்டி மாதிரி அடங்கியது. உச்சி நட்டைக் கழற்றினேன், எதுவும் பறக்கவில்லை. சித்தப்பாவின் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது. மவுண்டை மாற்றி, அடுத்த பக்கத்தையும் முடித்து, டவுனில் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்துக்கொண்டு வந்தேன். சத்தம் அறவே நின்றிருந்தது.

வளைகாப்பு முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும், அக்கா ஏறுவதற்கு முன்னால் அவள் மாமியார் தானே முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"ஓட்டுங்க தம்பி. மொதல்ல நான் பாக்கறேன்."

அந்த ஊர்ப் பள்ளங்கள் அத்தனையும் அவருக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தன.

"சொசைட்டி கிட்ட உள்ள பள்ளத்துல வுடுங்க."

விட்டேன். சத்தமில்லை.

"மொல்லமா வுட்டா எப்படித் தெரியும்? வேகமா வுடுங்க. அந்தப் பால்வாடி பள்ளம். அதான் பெரிசு."

அதிலும் இறங்கி ஏறினோம். அவர் காதைக் கதவில் வைத்துக் கேட்டார். திருப்தி வராமல், அப்படியே தையல்காரரிடம் நிறுத்தச் சொல்லி ஜாக்கெட் வாங்கிக்கொண்டார். ரேஷன் கடையைச் சுற்றி வந்து, நாத்தனார் வீட்டு வாசலில் இறங்காமலேயே கண்ணாடியை இறக்கி, "சும்மா, சம்மந்தி வூட்டு காரு" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசலில் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

மாமியார் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "ஏசிதான் பத்தல. மத்தபடி, அனுப்பறேன்."

அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். அக்காவைப் பின்சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்து, பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அப்பா முன்னால். ஜெயங்கொண்டம் தாண்டி முதல் பெரிய பள்ளத்தில் இறங்கியதும் அப்பா என் கையைப் பிடித்தார்.

"டேய், நிறுத்து. ஏதோ கலகலங்குது."

ஓரம் கட்டி, இறங்கி, பட்டுவேட்டியோடு சக்கரத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தது. எழுந்தால், கண்ணாடிக்குப் பின்னால் அக்கா இரண்டு கைகளையும் தூக்கி முழங்கை வரைக்கும் அடுக்கிய வளையல்களைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சத்தத்த நிறுத்தறதுக்கு ஏதும் சாமான் இருக்காடா, இஞ்சினீரு?"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"கைய மடில வச்சிக்கிட்டு வாம்மா" என்றார். "வண்டி சத்தம் எனக்குக் கேக்கணும்."

அவள் வைக்கவில்லை. வீடு வரைக்கும் பள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் குலுக்கிக்கொண்டேதான் வந்தாள்.