தொட்டிக்குப் போகாத கறுப்பி

கொக்கிளாய்க் கரையை விட்டுத் துணுக்காய்க்கு இடம்பெயர்ந்து வந்தபின், ஒரு முதலாளியின் மாட்டுப் பட்டியில் எனக்கு வேலை கிடைத்தது. "கடற்கரைப் பெண்ணுக்கு மாடு தெரியுமோ?" என்று சிரித்தார்கள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் எந்த மாடு மேயவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும்.

கறுப்பி என்ற பசு முதல் கன்றுக்குச் சினைப்பட்டிருந்தது. அதன் கருமயிர் செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி வெளுத்துக்கொண்டு வந்தது. அதற்கு முந்தைய மாரியில் பட்டியில் பிறந்த இரண்டு கன்றுகள் எழும்பவேயில்லை.

"பிலோமினாக்கா, இதின்ரை கன்றும் எழும்பாட்டில் தாயை இறைச்சிக்குக் குடுத்திடுவன்," என்றார் முதலாளி என்னிடம்.

அன்றே ஓடிப்போய் மிருக வைத்தியரைக் கூட்டிவந்தேன்.

"புல்லிலை செப்புச் சத்துக் காணாது. மினரல் தூளை உப்போடை கலந்து வையுங்கோ. நான் சொல்லுற அளவுதான். கூடினால் நஞ்சு."

போர்த் தடையால் சவுக்காரக் கட்டிகூட வன்னிக்குள் அருமையாக வந்த காலம். எப்படியோ ஒரு பை தூள் கிடைத்தது. பட்டி வழக்கப்படி பொதுத் தொட்டியில் வைத்தோம். மற்ற மாடுகள் மினுங்கின. கறுப்பி மட்டும் அப்படியே இருந்தது. கன்று போடும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் தொட்டியடியில் நின்று பார்த்தேன். பெரிய கொம்புக்காரிகள் இடித்து நக்கின. கறுப்பி பின்னால் நின்றது. அது கிட்டப் போகும்போது வெறும் தொட்டிதான் மிச்சம்.

அன்றிலிருந்து அதைப் பிரித்துக் கட்டி, வைத்தியர் சொன்ன அளவைச் சிரட்டையில் கொடுத்தேன்.

"மாட்டுக்கும் தனிப்பந்தியோ?" என்று முதலாளி கேட்டார்.

"ஓம் முதலாளி. பிள்ளைத்தாச்சிக்குத் தனிப்பந்திதான்."

சிரித்துச் சொன்னேனே தவிர, பயம் போகவில்லை. காலம் பிந்திவிட்டதோ என்று தினமும் அதன் கண்ணோர மயிரைத் தடவிப் பார்ப்பேன்.

மழை விட்ட ஒரு காலையில் கறுப்பி கன்று போட்டது. முதலாளி இறைச்சிக்காரனோடு வந்து நின்றார். கன்று எழும்பப் பார்த்து விழுந்தது. மறுபடியும் விழுந்தது. இறைச்சிக்காரன் கயிற்றை எடுத்தான்.

"பொறு தம்பி, அது இன்னும் முடிக்கேல்லை," என்றேன்.

கன்று பின்னங்காலை அகட்டி ஊன்றி எழும்பியது. தள்ளாடிப் போய் மடியை முட்டியது.

முதலாளி கிட்டப் போய்க் கன்றைத் தடவினார். பிறகு, "மற்றச் சினை மாடுகளையும் பிரிச்சுக் கட்டுங்கோ அக்கா," என்றார். இறைச்சிக்காரன் கயிற்றைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனான்.

மாடு வளர்க்கிற பிள்ளைகளே, தொட்டி காலியானால் எல்லா மாடும் தின்றதாக நினைக்காதீர்கள். மெலிந்ததன் நாக்கில் உப்புப் பட்டதா என்று நின்று பாருங்கள்.